சும்மா இருக்கும் அம்மா

கொல்லிமலையில் 14 நாடுகள் இருக்கின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று வரிசையாக. பயப்பட வேண்டாம், எல்லாம் ஊராட்சிகளின் பெயர்கள்தான். அம்மா பிறந்தது அரியூர் நாடு. கல்யாணமாகி வந்தது வளப்பூர் நாடு. கனடாவில் தங்கச்சி வீட்டுக்குப் போக அம்மாவுக்கு விசா இல்லை என்று 2023 ஜூனில் கடிதம் வந்தபோது, நான் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நானும் நாடு விட்டு நாடு வந்தவதான் கண்ணு. அன்னிக்கு ஒருத்தரும் ஒரு தாளு கேக்கலையே" என்றாள்.

அவள் கேட்டது சாதாரண டூரிஸ்ட் விசா இல்லை. 'சூப்பர் விசா' என்று பெயர். ரஜினி படத் தலைப்பு மாதிரி இருந்தாலும் சமாச்சாரம் சீரியஸானது. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க வரும் பெரியவர்களுக்கென்று கனடா 2011 டிசம்பரில் ஆரம்பித்தது. சாதாரண விசாவில் போனால் வழக்கமாக 6 மாதம். இதில் ஒருமுறை போனால் முதலில் 2 வருடம் தங்கலாம் என்றிருந்தது. 2022 ஜூலையிலிருந்து 5 வருடமாக்கிவிட்டார்கள். சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். கூப்பிடும் பிள்ளை அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை தலையோ அதற்கேற்ற வருமானம் காட்ட வேண்டும். போகிறவருக்குக் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு ஒரு வருட மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். மெடிக்கல் செக்கப் வேறு. அமெரிக்கா 10 வருட விசாவே கொடுத்தாலும், ஒரு தடவை போனால் பெரும்பாலும் 6 மாதம்தான். ஆஸ்திரேலியா 2019-ல் பெற்றோருக்காக 3 வருடம், 5 வருடம் என்று ஒரு விசா கொண்டுவந்தது. ஆரம்பித்தபோதே கட்டணம் 5,000 டாலர், 10,000 டாலர். எங்கள் மலையில் அந்தக் காசுக்குக் காடே வாங்கலாம்.

கடிதம் ஒரு பக்கம்தான். 'தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை' என்பதுதான் சாரம். காரணம், குடும்பப் பிணைப்பும் பொருளாதார நிலையும்.

அம்மாவுக்கு இதுதான் புரியவே இல்லை. "திரும்பி வராம? அங்கயே எதுக்குக் கெடக்கேன்? தையில மொளகை யாரு பறிக்கிறது?"

விசா அதிகாரிக்குத் தெரிய வேண்டியதும் அதேதான். அந்த மிளகு அவர் மேஜைக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கேள்வியைக் கனடா மட்டும் கேட்பதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. சென்னை மவுன்ட் ரோட்டில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே இதை முணுமுணுக்காத ஆள் இருக்க மாட்டார். 'நீ குடியேறத்தான் வருகிறாய் என்று நினைத்துக்கொள்வேன், இல்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும்' என்பது அதன் அர்த்தம். என்னைக் கேட்டால் கேள்வியில் தப்பில்லை. போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. பேப்பரே இல்லாமல் வாழ்ந்த ஒருத்தி பேப்பரால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, கஷ்டம் அங்கேதான்.

நிராகரிப்புக்கு அப்பீல் கிடையாது. வெளிநாட்டில் இருக்கிறவர் 60 நாளுக்குள் அங்கத்திய ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம். அல்லது புதுசாக மனு போடலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அதே பேப்பரைத் திரும்பப் போட்டால் அதே பதில்தான் வரும். தங்கச்சி ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். அங்கே நம்மூர் ஆர்.டி.ஐ. போல ஒரு சட்டம் இருக்கிறது. 5 டாலர் கட்டினால் ஃபைலில் அதிகாரி எழுதிய குறிப்பையே வாங்கலாம். (2025 ஜூலையிலிருந்து சில கடிதங்களோடு அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். எங்கள் காலத்தில் காத்திருந்துதான் வாங்கினோம்.)

குறிப்பு வந்தது. தங்கச்சி போனில் வாசித்தாள். "அண்ணே, கேளு. கணவர் இல்லை. தொழில், இல்லத்தரசி. சொந்த வருமானம் இல்லை. பேரில் சொத்து எதுவும் காட்டவில்லை. மகள் கனடாவில்." நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இது யாருண்ணே? நம்ம அம்மாவா?"

சேலத்தில் ஒரு ஏஜென்ட்தான் முதல் விண்ணப்பத்தை நிரப்பியவர். நேரில் போய்க் கேட்டேன். அவருக்கு வருத்தமோ கூச்சமோ இல்லை. "எழுவது வயசு அம்மான்னா இல்லத்தரசினுதான் சார் போடுவோம். எல்லாருக்கும் அப்படித்தான். வீட்டுல சும்மாதான இருப்பாங்க?"

அம்மா சும்மா இருப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒன்றரை ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறது. கீழே காபி. சரிவில் மரவள்ளி, அது முடிந்தால் ஒரு துண்டு நிலத்தில் சாமை. நாலு பலா. விடிவதற்கு முன் மாட்டுக்கொட்டகை. பிறகு காடு. தை, மாசியில் மிளகு. ஏணி போட்டு ஏறுவது ஆம்பளைகள், கைக்கு எட்டுவதெல்லாம் அவள். சரம் சரமாகப் பறித்து, காலால் தேய்த்து உதிர்த்து, பாயில் காயவைத்து, மழை மேகத்தைக் கண்டால் ஓடிப்போய் அள்ளி, திரும்பக் காயவைத்து, சோளக்காடு சந்தைக்கு மூட்டை ஏறும் வரை அவளுக்குத் தூக்கம் கிடையாது. ரேஷன் கடை மெஷினில் அவள் கட்டைவிரலை வைத்தால் பாதி நாள் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றுதான் வரும். விசாவுக்குக் கைரேகை எடுத்த இடத்திலும் நாலு தடவை துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். ரேகை தேய்ந்த கை. இதற்குப் பெயர் சும்மா!

ஏஜென்டைச் சொல்லி என்ன? இந்த நாட்டில் பட்டா யார் பேரிலோ அவர்தான் விவசாயி. மலையில் சிறுதானியங்களுக்காக 1990-களிலிருந்து வேலை பார்த்தது எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம். அவர் ராஜ்யசபா உறுப்பினராக இருந்தபோது, 2012 மே மாதம், பெண் விவசாயிகள் உரிமை மசோதா என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பேரில் இருக்கிறதோ இல்லையோ, பாடுபடும் பெண்ணுக்கு விவசாயி என்று கிராமத்திலேயே சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றது அது. 2013-ல் அவர் பதவிக்காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதி ஆயிற்று. அது மட்டும் சட்டமாகியிருந்தால் எனக்கு ஐந்து மாத அலைச்சல் மிச்சம்.

பட்டாவைத் தேடினால் அது தாத்தா பேரில் இருந்தது. கூட்டுப்பட்டா. தாத்தா இல்லை. அப்பாவும 2019-ல் போய்விட்டார். அம்மா பேர் ஏற வேண்டும் என்றால் வாரிசுச் சான்றிதழ், வி.ஏ.ஓ. அறிக்கை, சர்வேயர் அளந்து உட்பிரிவு, அப்புறம் தாசில்தார். இதில் இன்னொரு சிக்கல். நாங்கள் மலையாளிப் பழங்குடி. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று அதன் 2(2) பிரிவே சொல்கிறது. மகளுக்குச் சமபங்கு என்ற 2005 திருத்தமும் அப்படியே எங்களைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சமபங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2025 ஜூலையில்தான். 2023-ல் எங்களுக்கு இருந்தது வழக்கம் ஒன்றுதான். வழக்கம் என்றால் சித்தப்பா.

சித்தப்பா நல்லவர்தான். ஆனால் உட்பிரிவு என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "பாகம் பிரிச்சு வித்துட்டு, எல்லாரும் கனடா போறீங்களா?" என்றார். நான் விசா, அதிகாரி, குறிப்பு என்று என்னென்னவோ விளக்கினேன். எதுவும் ஏறவில்லை. ஒரு வாரம் பேச்சே இல்லை. கடைசியில் அம்மாதான் போனாள். போய்த் திண்ணையில் உட்கார்ந்து, "கொழுந்தனாரே, நான் இந்தக் காட்டுல அம்பது வருசமாப் பாடுபடுறேன். எம் பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா, காட்டுங்க" என்றாளாம். சித்தப்பா மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. தங்கச்சிக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பக்கத்தில் மாப்பிள்ளை மட்டும். அவர் யூட்யூப் பார்த்து ரசம் வைத்தாராம். அம்மா ஜூன் மாதமே இடித்துச் சலித்து வைத்திருந்த பிரசவ மருந்து டப்பா, பரணில் இருந்தது. போனில் குழந்தையைக் காட்டியபோது அம்மா ஒன்றுமே கேட்கவில்லை, "குளிக்க ஊத்துறது யாரு?" என்று மட்டும் கேட்டாள். ஒரு ஆயா வருகிறார் என்று தங்கச்சி பொய் சொன்னாள். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

டிசம்பரில் தனிப்பட்டா கைக்கு வந்தது. அதோடு அடங்கல். எந்தப் பசலியில் எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதுவது. மிளகு, காபி, மரவள்ளி என்று வரிசையாக. மிளகு வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டுகளை அம்மா ஒரு மஞ்சள் பையில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள், படிக்கத் தெரியாதவள். அத்தனையையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு நாமக்கல்லில் நோட்டரி வாங்கினோம். வருமான வரிக் கணக்கு ஏன் இல்லை என்பதற்கு, விவசாய வருமானத்துக்கு இங்கே வருமான வரி இல்லை என்று ஒரு வரி. முந்தைய நிராகரிப்பை மறைக்காமல் ஒரு பத்தி. மறைத்தால் பொய் சொன்ன கணக்காகி வருடக்கணக்கில் கதவு மூடிவிடும். தை மாத அறுவடைக்கு அம்மா இங்கே இருந்தாக வேண்டும் என்று எழுதி, தேதியோடு திரும்பும் திட்டமும் வைத்தோம். தொழில் என்ற கட்டத்தில் நானே டைப் செய்தேன், விவசாயி.

கைரேகை 10 வருடத்துக்குச் செல்லும் என்பதால் இரண்டாம் தடவை அவளை 70 கொண்டை ஊசி வளைவு இறக்கி அலைக்கழிக்க வேண்டியிருக்கவில்லை. 2024 ஏப்ரலில் விசா வந்தது. மே மாதம் போனாள். குழந்தைக்கு அப்போது ஏழு மாதம், உட்காரத் தொடங்கியிருந்தது. பிரசவ மருந்தை எடுத்துப் போகவில்லை. காய்ந்த மிளகும் சாமையும்தான் கொண்டுபோனாள். ஏர்போர்ட்டில் என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்ற ஃபாரத்தில் எழுத வேண்டும் என்று தங்கச்சி நாலு தடவை போன் பண்ணிச் சொல்லியிருந்தாள்.

அஞ்சு வருடம் தங்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மா 2025 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், மலை ஏறிவிட்டாள். கொடியைப் பார்த்துவிட்டு, மேல் மரத்தில் சரம் சிவந்து உதிர ஆரம்பித்துவிட்டது என்று என்னைத்தான் திட்டினாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தி ஒரு கவரோடு வந்தார். உள்ளே ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், ரெண்டு போட்டோ. அவருக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. மகன் ராசிபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான்.

"எதுக்கு சித்தி?" என்றேன்.

"எம் பேரையும் பட்டாவுல ஏத்தணும். உங்கம்மாகிட்ட அந்த அடங்கல் தாளைப் பாத்தேன்."

திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவரை வாங்கிக்கொண்டேன்.