பத்து மணிப் பூ

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். மாடியில் வைத்த டேபிள் ரோஸ் அழுகிப்போச்சாம். "தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேனே" என்றார். "அதனாலதான்" என்றேன். நானும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

அப்பா தவறின வருசம், அக்கா வீட்டிலிருந்து நாலு கொப்பை ஈரத்துணியில் சுத்திக் கொண்டாந்துச்சு அம்மா. வாசல் ஓரம் கரிசலில் ஊன்றினோம். ஐப்பசி மழை பிடிச்சது. கரிசல் தண்ணியக் குடிச்சா லேசில் விடாது. நாலே நாளில் தண்டெல்லாம் கூழ். ஒரே ஒரு கொப்பு மிஞ்சியது.

அதை ஓட்டைப் பானையில் வைத்தோம். வீடு கட்டி மிஞ்சின மணல் ரெண்டு பங்கு, கரிசல் ஒரு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு. மேல்மண் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் தண்ணி. நாள் முழுக்க வெயில் வேணும். நிழலில் வச்சா இலைதான் வரும், பூ வராது. தண்டு நீண்டு மொட்டையாகும்போது கவாத்து பண்ணிவிடணும். வெட்டின கொப்பை நாலு விரல் நீளத்துக்குக் கிள்ளி, அடி இலையை உருவி ஊன்றினால் அதுவும் வேர் பிடிக்கும். வயலில் களையா முளைக்கிற பருப்புக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி இது. தென் அமெரிக்காவில் பிறந்ததாம். எங்க திருச்சுழி வெயிலுக்கென்றே பிறந்த மாதிரி வாசல் முழுக்கப் படர்ந்து கிடக்கிறது.

எங்களுக்கு அரை ஏக்கர் மல்லி இருக்கு. முப்பது வருசமா விடியுமுன்னே மொட்டெடுக்கப் போகும் அம்மா. அப்பா இருந்தவரை மடியில் ஒரு கைப்பிடி மொட்டு வீட்டுக்கு வரும். சாயங்காலம் கட்டித் தலையில் வச்சுக்கும். இப்பவும் மொட்டெடுக்கப் போகுது. ஆனா எல்லாம் பைக்குள் போய் அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயிடும். ஒரு மொட்டுகூட வீட்டுக்கு வர்றதில்லை.

"வச்சுக்கம்மா"ன்னு ஒருதரம் சொன்னேன். "ஊரு என்ன பேசும், சும்மா இருடா"ன்னுச்சு. அதோட விட்டுட்டேன். இன்னொருதரம் சொல்லியிருக்கணும்.

டேபிள் ரோஸுக்கு வாசம் கிடையாது. சரம் கட்ட முடியாது. காலையில் விரிஞ்சு மத்தியானம் சுருங்கிடும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. யாரும் தலையில் வைக்காத பூ. அதனால அம்மா அதைத் தொட்டா ஊர் ஒண்ணும் பேசுறதில்லை.

மல்லிக்காட்டிலிருந்து வர ஒன்பது, ஒன்பதரை ஆகும். கை கால் கழுவிட்டு, கஞ்சிச் செம்போட திண்ணையில் உட்காரும். அப்பத்தான் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமா விரிய ஆரம்பிக்கும். பேசாமல் பார்த்துக்கிட்டே கஞ்சி குடிக்கும். அந்த நேரத்தில் நான் எந்த வேலையும் சொல்றதில்லை.

நண்பருக்குக் கொப்பு வேணும்னு சொன்னதும் அம்மாவே கிள்ளி ஈரத்துணியில் சுத்திக் குடுத்துச்சு. "வெயில்ல வைக்கச் சொல்லு. தண்ணி அதிகம் ஊத்த வேணாம். ஒருநாள் பத்து மணிக்கு வீட்ல இருந்து பார்க்கச் சொல்லு."