நிபுணரும் கிராணியும்

புக்கிட் பாத்தோக்கில், அடுக்குமாடிக் கட்டடமொன்றின் எட்டாம் மாடியில் நமது அத்தையார் குடியிருக்கிறார். ஜோகூர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த நாம், ஆங்கிலப் படிப்பு வந்தால்தான் ஆளாக முடியும் என்று தகப்பனார் எண்ணியபடியால், ஏழு வயது முதல் அந்த வீட்டில் தங்கிச் சிங்கப்பூர்ப் பள்ளியில் படித்தோம். படித்து முடித்தபின் மீண்டும் தோட்டத்துக்கே கிராணியாகப் போய்ச் சேர்ந்தது வேறு கதை. மாதம் ஒருமுறை பாலத்தைக் கடந்து அத்தையாரைப் பார்த்து வருவது வழக்கம். மலாய் மொழியில் ‘பாத்தூக்’ என்றால் இருமல். ஊரின் பெயர் அதிலிருந்தே வந்ததென்பாரும் உண்டு, அல்லவென்பாரும் உண்டு. எவ்வாறாயினும், நோயை நினைவூட்டும் ஊரில் உட்கார்ந்து நோயைப்பற்றி எழுதுவது பொருத்தமாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் அங்கே சென்றிருந்த ஒரு நாள், அத்தையார் கடுங்கோபத்தில் இருந்தார். “என்ன அநியாயம் பார் தம்பி! பூந்தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் நம்மிடம் அபராதம் வாங்குகிறார்கள். இப்போது அவர்களே குப்பி குப்பியாகக் கொசுவைக் கொண்டுவந்து விடுகிறார்கள்!” என்றார். அத்தையார் கூறியது மெய்யே. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் அது. வொல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஆண் கொசுக்களை வளர்த்து ஊருக்குள் விடுகிறார்கள். அவற்றுடன் கூடிய ஏடிஸ் பெண் கொசு இடும் முட்டை பொரிப்பதில்லை. தெம்பனிஸ், ஈசூன், சுவா சூ காங் முதலிய வட்டாரங்களோடு புக்கிட் பாத்தோக்கும் சேர்க்கப்பட்டது. 2020இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. இத்திட்டம் ஓராண்டேனும் நடந்த இடங்களில் டெங்கி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 75 சதவீதம் குறைந்திருப்பதாக வாரியம் கூறுகிறது.

ஆண் கொசு கடிக்காது என்று நாம் எடுத்துச் சொன்னோம். “கடிக்க வரும்போது நீ ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?” என்றார் அத்தையார். அன்று மாலை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிறு கண்காட்சி வைத்திருந்தார்கள். அங்கிருந்த இளைஞன் ஒருவன் அதே கேள்வியைச் சிரியாமல் கேட்டு, கொசுக்கூண்டுக்குள் தன் கையை விட்டுக் காட்டினான். பிறகு அத்தையாரும் கையை விட்டார். ஐந்து நிமிஷம் வெளியே எடுக்கவில்லை. நமக்கோ அந்த ஐந்து நிமிஷமும் தோட்டத்து நினைவு வந்து மனத்தை அரித்தது. அதற்குக் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நிபுணர்கள் கடல் கடந்து வந்து நம் காய்ச்சலைப்பற்றி யோசனை கூறுவது இந்நாட்டிலே புதிதன்று. 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்தார். அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, மலேரியா சில வாரங்களிலேயே மூடவைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டுவித்தார், காய்ச்சல் தணிந்தது. இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் அதனை ஒரு பாடப்புத்தகத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் அதே முறையில் மலைத் தோட்டங்களில் பள்ளத்தாக்குக் காட்டை வெட்டியபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது! ஏனெனில், சமவெளியில் மரநிழலின் கீழ்ச் சதுப்பில் வளர்வது ஒரு கொசு. மலைச்சரிவில் வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது வேறொரு கொசு. காட்டை வெட்டி முன்னதன் வீட்டை இடித்தவர்கள், பின்னதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வாட்சன் இதனைத் தாமே கண்டறிந்து தம் நூல்களில் எழுதினார். மலை ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், எண்ணெய் தெளிக்கவும் வழி செய்தார். தாம் வெற்றி கண்ட முறை அடுத்த மேட்டில் செல்லாது என்று ஒப்புக்கொண்ட அந்த மனிதரிடம் நமக்கு மதிப்பு உண்டு. கூலி சாகாதிருந்தால்தான் ரப்பர்ப் பால் வரும் என்ற முதலாளிக் கணக்கும் அதற்குள்ளே இருந்தது என்பதையும், மண்வெட்டி பிடித்த கைகளில் நம்மவர் கைகள் ஏராளம் என்பதையும் மறப்பதற்கில்லை.

1925இல் சர்வதேச சங்கம் தன் சுகாதாரப் பகுதியின் கீழ்த்திசை அலுவலகத்தைச் சிங்கப்பூரில் நிறுவியது. எந்தத் துறைமுகத்தில் காலரா, எதில் பிளேக் என்று தந்தி மூலம் அறிந்து வாரந்தோறும் மற்றத் துறைமுகங்களுக்கு அறிவித்தார்கள். 1982இல் சிங்கப்பூர் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

சென்னையில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சியும் இங்கே நினைக்கத்தக்கது. இந்தியரும் ஆங்கிலேயரும் உலக சுகாதார நிறுவனத்தாரும் கூடிச் செய்தது அது. காசநோயாளரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்து நல்லுணவு கொடுத்தே தீரவேண்டுமென்று பெரிய வைத்தியர்கள் நம்பியிருந்தார்கள். நெருக்கமான குடிசையில், போதாத சோற்றோடு இருந்து மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்று அந்த ஆராய்ச்சி காட்டியது. வீட்டுக்குள்ளே போய்ப் பார்த்ததனால் கிடைத்த உண்மை அது.

இனி நமது குற்றம். நமது தோட்டத்து எண்ணெயை வாங்குவோர் கேட்டதன்பேரில், குடியிருப்புச் சுகாதாரத்தை ஆராய வெளிநாட்டு நிபுணர் அம்மையார் ஒருவர் வந்தார். நல்லவர், வெயிலில் லயம் லயமாக நடந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் தெரிந்த கிராணி நாமே மொழிபெயர்த்தோம். நம் பக்கத்தில் மானேஜர் நின்றார். முப்பது வருஷம் பால்வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியிடம், பீப்பாயில் ஏன் தண்ணீர் தேக்கி வைக்கிறீர்கள் என்று அம்மையார் கேட்டார். “பைப்பிலே காலையில் இரண்டு மணி நேரந்தான் தண்ணி வருது. சில நாள் அதுவும் இல்லை. மூணு வருஷமா ஆபீசிலே சொல்லியாச்சு. பிடித்து வைக்காமல் குடிக்கிறது எதை?” என்றார் பாட்டி. நாம் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: “தண்ணீரைச் சேமித்து வைப்பது இவர்கள் பழக்கம்.”

பொய் சொல்லவில்லை என்று அன்றிரவு நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். அறிக்கை வந்தது. குடியிருப்பவர்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது, பீப்பாய்களை மூடிவைக்கக் கற்பிக்கவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சிட்ட படங்கள் லயத்துச் சுவரில் ஒட்டப்பட்டன. நான்கு மாதம் கழித்துப் பாட்டியின் பேரன் டெங்கிக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், பிழைத்துக்கொண்டான். நாம் பார்க்கச் சென்றபோது, “வாங்க ஐயா, உட்காருங்க,” என்று பாட்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாம் அவர் சொல்லை எப்படி மாற்றினோம் என்பது அவருக்குத் தெரியாது.

அத்தையார் கூண்டிலிருந்து கையை எடுத்த அன்றிரவே, புக்கிட் பாத்தோக் வீட்டில் உட்கார்ந்து அம்மையாருக்குக் கடிதம் எழுதினோம். பாட்டி கூறியதை முழுவதும் ஆங்கிலத்தில் எழுதி, மாற்றியவர் நாமே என்றும் எழுதினோம். பதில் மூன்று வரிகளில் வந்தது: கோபமில்லை, தண்ணீர் எந்நேரம் வருகிறது, எத்தனை வீடுகளுக்கு என்று இரண்டு வாரம் குறித்து அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தார். அனுப்பினோம். திருத்திய அறிக்கை வந்த நாளில் மானேஜர் அழைத்து, “இதை அவருக்கு யார் சொன்னது?” என்றார். “நாம்தான்,” என்றோம். அவ்வருஷம் நமக்குச் சம்பள உயர்வு இல்லை.

லயத்தின் பின்புறத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டிக்காக நான்கு இரும்புக் கால்களை நாட்டியிருக்கிறார்கள். ஐந்து மாதமாயிற்று. “காலு வந்திருச்சு, தலை எப்ப வரும் ஐயா?” என்று பாட்டி கேட்கிறார். தண்ணீர் வரும் நேரத்தை நாம் இன்னும் நோட்டில் குறித்துவருகிறோம். நேற்று ஒரு மணி நாற்பது நிமிஷம்.