ஐந்தால் பெருக்கிய சம்பளம்

தங்கைக்கு மால்டாவில் வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட்டோம். மாதம் 2,100 யூரோ. ஒரு யூரோ ஐந்து ரிங்கிட்டை ஒட்டி இருந்த நேரம். அப்பா கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "பத்தாயிரம் வெள்ளிக்கு மேல வருதும்மா" என்றார். அம்மா சாமி மேடையில் விளக்கேற்றினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை நிகழ்ச்சியில் 'வெளிநாட்டு வேலை' என்று தலைப்பு வைத்து நேயர்களோடு ஒரு மணி நேரம் பேசினேன். அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே வெங்காயம் கிலோ என்ன விலை என்று அழைத்தவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கணக்கு சண்டையாக வந்து நின்றது. தம்பிக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் கட்டணம் 12,000 ரிங்கிட். அம்மா தங்கையைக் கேட்டார். "இப்போ முடியாதும்மா" என்றாள். அதோடு அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் செய்தது அதைவிட மோசம். "மாசம் பத்தாயிரம் வாங்குறவளுக்குத் தம்பிக்குக் கொடுக்க மனசு வரல" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அவள் பதில் போடவில்லை. ஒரு வாரம் கழித்து எனக்கு மட்டும் ஒரு வரி வந்தது: "முடிஞ்சா ஒரு தடவை வந்து பாருக்கா."

2024 பிப்ரவரியில், சேர்த்து வைத்திருந்த விடுப்பில் இரண்டு வாரத்துக்குப் போனேன். நம் கடப்பிதழுக்கு அங்கே சுற்றுலா விசா தேவையில்லை என்பது ஒரு வசதி. புறப்படும் முன்னிரவில் அம்மா என் பெட்டியில் மசாலாத் தூளையும் நெத்திலிக் கருவாட்டையும் திணித்துக்கொண்டிருந்தார். "நான் கொடுத்தேன்னு சொல்லாதே. நீயே வாங்குனதா சொல்லு" என்றார்.

மால்டா எவ்வளவு சிறியது என்று நம்மவர்களுக்குச் சொல்வது எளிது. மக்கள் வாழும் தீவுகளையெல்லாம் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். பிரிட்டிஷ்காரர்கள் 1964 வரை ஆண்ட நாடு என்பதால் வண்டி இடது பக்கம் ஓடுகிறது, சுவரில் நம் வீட்டு மூன்று முனை பிளக் செருகுகிறது, ஆங்கிலம் பேசினால் போதும். மால்டா மொழிக்கு அரபு வேர். அதில் வியாழக்கிழமை 'இல்-ஹமிஸ்', சனிக்கிழமை 'இஸ்-சிப்ட்'. கமிஸ், சப்து என்று மலாய்ப் பள்ளியில் படித்த எனக்குத் தெருவில் காய்கறி லாரி நிற்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் பல் கிட்டியது. 'வெயில் நாடு' என்று நம்பிப் போயிருந்தேன். சுண்ணாம்புக் கல் வீடு, மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. வெளியே 14 டிகிரி என்றால் உள்ளே அதைவிடக் குளிர். சுவரில் ஈரம் பூத்திருந்தது. மூலையில் ஒரு மின்சார ஹீட்டர் இருந்தது, ஆனால் அணைந்தே இருந்தது. "ராத்திரி அரை மணி நேரம் மட்டும்தான் போடுவேன்க்கா" என்றாள். காரணம் கேட்டேன். அந்த ஊரில் வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று மின்சார, தண்ணீர்க் கணக்கில் பதிவாக வேண்டும். அப்போதுதான் குறைந்த கட்டணம். பதிவாகாத வாடகை வீட்டுக்குக் கூடுதல் விகிதம். இவளுடைய வீட்டுக்காரர் அந்தப் படிவத்தை மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே போகிறார். அரசாங்கம் மானியம் கொடுத்து மின்சார விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கிற நாட்டில், ஒரு கையெழுத்துக்காக இவள் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் தண்ணீர் வாங்கப் போனோம். மால்டாவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. குழாயில் வருவதில் பாதிக்கு மேல் கடல் நீரிலிருந்து உப்புப் பிரித்து எடுத்தது. ஆபத்தில்லை, ஆனால் வாய்க்கு ஒட்டாது. அதனால் பலரும் புட்டித் தண்ணீர்தான் வாங்குகிறார்கள். இரண்டு லிட்டர் புட்டிகள் ஆறு கொண்ட ஒரு கட்டு, அதாவது 12 கிலோ, மூன்று மாடி. ஒவ்வொரு புட்டிக்கும் 10 காசு முன்பணம் வேறு. காலிப் புட்டியை இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். தங்கை கதவோரம் ஒரு பெரிய பை வைத்திருக்கிறாள். அது நிரம்பினால் இரண்டு மூன்று யூரோ. சனிக்கிழமை காய்கறிக் காசு அதிலிருந்துதான். அவள் வரிசையில் நின்று ஒவ்வொரு புட்டியாகப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாட்ஸ்அப்பில் நான் எழுதிய வரி அப்போது நினைவுக்கு வந்தது.

அன்று இரவு அவளே நோட்டை எடுத்து வைத்தாள். 2,100 யூரோவில் வருமான வரி, அதற்கு மேல் சமூகப் பாதுகாப்புக்குப் பத்து விழுக்காடு. கையில் வருவது ஏறக்குறைய 1,600. அறை வாடகை 600. மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரு அறைக்கு மட்டும்! மின்சாரம், தண்ணீர்ப் பங்கு 70. சாப்பாட்டுக்கும் குடிநீருக்கும் 280. கைப்பேசி 20. முகவர் கட்டணம், வீட்டு முன்பணம், விமான டிக்கெட் எல்லாவற்றுக்கும் தோழியிடம் வாங்கிய கடனுக்கு மாதம் 250. வீட்டுக்கு 200.

அந்த 200-ஐ நான் இரண்டு முறை பார்த்தேன். மாதா மாதம் அம்மா கணக்கில் விழும் ஆயிரம் வெள்ளி அதுதான். "பத்தாயிரத்துல ஆயிரம்தான் கொடுக்குறா" என்று அம்மா சொல்வார், நானும் தலையாட்டுவேன். எல்லாம் போக மீதி 180 யூரோ. மருந்து, துணி, வேலை அனுமதி புதுப்பிப்பு, எப்போதாவது ஊர் வர டிக்கெட், எல்லாம் அதற்குள். தம்பியின் 12,000 ரிங்கிட்டுக்கு அவள் பதின்மூன்று மாதம் எதையும் தொடாமல் இருந்திருக்க வேண்டும்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா அம்மா திரும்பி வான்னுவாங்க. கடன் முடியாம எப்படி வர்றது?"

மால்டாவில் எல்லாமே விலை என்று சொன்னால் அது பொய். குடியிருப்பவர்களுக்குப் பேருந்து இலவசம். 2022 அக்டோபரிலிருந்து அப்படி. நான் ஏறும்போது 2 யூரோ கொடுப்பேன், அவள் அட்டையைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்காருவாள். கோசோ தீவுக்குப் படகில் போனபோது ஏறும் இடத்தில் யாரும் காசே கேட்கவில்லை. ஏமாற்றிவிட்டோமோ என்று பயந்தேன். திரும்பும்போதுதான் 4.65 யூரோ வாங்குகிறார்கள்! பஸ்திட்ஸி என்று ஒரு பலகாரம் உண்டு. மொறுமொறு மாவுக்குள் பட்டாணி மசியல் அல்லது ரிக்கோட்டா பாலாடைக்கட்டி. நம் கறிப்பாப்புக்குத் தூரத்துச் சொந்தம். ஒன்று ஒரு யூரோவுக்கும் குறைவு. இரண்டு தின்றால் பசியாறல் முடிந்தது. தங்கை பல நாள் மதியச் சாப்பாட்டையும் அதிலேயே முடித்துக்கொள்கிறாள் என்பதை நோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். கறிவேப்பிலைக்கு மட்டும் அவள் கணக்குப் பார்ப்பதில்லை. கைப்பிடி அளவு பாக்கெட் 2 யூரோ.

ஆளை விழுங்குவது வாடகைதான். 2011 கணக்கெடுப்பில் மால்டாவின் மக்கள்தொகை 4,17,432. பத்தே வருடத்தில், 2021-இல், 5,19,562. ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். ஹோட்டலுக்கும் கட்டுமானத்துக்கும் இணைய விளையாட்டு நிறுவனங்களுக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், தீவு மட்டும் அதே அளவில் இருக்கிறது. 2020 முதல் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தக் காலத்தில் வருடத்துக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் புது ஒப்பந்தம், புது விலை. இவளுடையது ஏப்ரலில் முடிகிறது. 720 வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். விலைவாசியைப் பார்த்து எல்லாத் தொழிலாளர்க்கும் சம்பளம் கூட்டும் சட்டமும் அங்கே உண்டு. 2024-இல் அது வாரத்துக்கு 12.81 யூரோ. வாடகை கேட்பது அந்த ஏற்றத்தை இரண்டு மடங்காகத் தாண்டுகிறது.

பக்கத்து அறையில் இரண்டு நேப்பாளப் பெண்கள், ஒரே அறையில். ஹோட்டலில் துப்புரவு வேலை, குறைந்தபட்ச ஊதியம். 2024-இல் அது வாரம் 213.54 யூரோ. கீழ் வீட்டு மால்டா பாட்டி படியில் என்னை நிறுத்தி வைத்து, தன் பேரனுக்கு முப்பது வயதாகியும் சொந்த வீடு வாங்க முடியவில்லை, அம்மா வீட்டிலேயே இருக்கிறான் என்று புலம்பினார். வந்தவர்கள்மீது அவருக்குக் கோபம் இருந்திருக்கலாம். ஆனாலும் தங்கைக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவை அழைத்தேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதியில் அம்மா, "எல்லாத்தையும் வெள்ளியில சொல்லு" என்றார். சொன்னேன். அறை மூவாயிரம் வெள்ளி என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எங்கள் தாமானில் அந்தக் காசுக்கு இரண்டு முழு வீடு வாடகைக்குக் கிடைக்கும். பிறகு, "நெத்திலி கொடுத்தியா?" என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். யார் வாங்கியது என்று அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மசாலாத் தூள் டின்னில் அம்மாவின் கையெழுத்து இருந்தது.

தம்பியின் கட்டணத்தில் பாதியை நான் கொடுத்தேன், மீதிக்கு அவன் கடனுதவிக்கு மனு போட்டான். தங்கை ஏப்ரலில் அறையைக் காலி செய்துவிட்டு, வடக்கே கடலோர ஊர் ஒன்றில் 480 யூரோ அறைக்கு மாறினாள். வேலைக்குப் போக ஒரு மணி நேரப் பேருந்து. குழுவில் எழுதியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்றாள். விட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மா இப்போது ஞாயிறுதோறும் அவளை அழைக்கிறார். சம்பளம் பற்றிக் கேட்பதில்லை. புது வீடு எத்தனாவது மாடி, தண்ணீர்க் கட்டை யார் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறார். முதல் மாடிதான் என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வாரமும் அதையேதான் கேட்கிறார்.