மோடம் போட்ட சத்தம்

டயல்-அப் மோடத்தின் கீச்சொலியைப் பலரும் இப்போது ஏக்கத்தோடு பகிர்கிறார்கள். எனக்கோ அது நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. இரண்டு மோடங்களும் எந்த வேகத்தில் பேசலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் சத்தம் அது. கடைசிக் கரகரப்பு இழுத்துக்கொண்டே போனால் லைன் சரியில்லை என்று அர்த்தம்.

1998-இல் வந்த வி.90 மோடம் முறை 56 கே வேகம் என்றது. லைனில் இரைச்சல் இருந்தால் 33.6, 28.8 என்று இறங்கிவிடும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அதுதான் நிலை. டெலிபோன் கம்பி வந்து சேரும் ரோசெட் பெட்டியைத் திறந்தால் செம்புக் கம்பி முனை பச்சை பிடித்திருக்கும். பிளேடால் சுரண்டி, திருகாணியை இறுக்கினால் வேகம் ஏறிவிடும். அந்தச் சந்தோஷமே தனி!

இணைப்பு கிடைக்காதபோது விண்டோஸ் காட்டிய பிழை எண்களை நான் இன்றும் மதிக்கிறேன். 691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 678 என்றால் மறுமுனை எடுக்கவில்லை. 680 என்றால் டயல் டோன் இல்லை. ரிசீவரில் டோன் நன்றாகக் கேட்டும் 680 வந்தால், மோடம் அமைப்பில் 'ஏடிஎக்ஸ்3' என்று சேர்ப்போம். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும். கோளாறு எந்தப் பக்கம் என்றாவது தெரிந்தது. இன்றைய ரூட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் பாதியில் அறுந்தால் அதே லைனில் இருந்த கூடத்துப் பேரலல் போனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அம்மா ரிசீவரை எடுத்திருப்பார்.