தாத்தாவின் பிஸ்டலை விற்பதா, வைத்துக்கொள்வதா?

எங்கள் குடும்பத்தில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கு. முறையான லைசென்ஸ் உள்ளது. வெப்லி ஸ்காட், .32, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தது. தாத்தா வாங்கியது. அவர் காலத்திலும் சரி, அப்பா காலத்திலும் சரி, யாரை நோக்கியும் அது வெடித்ததில்லை. வருஷத்துக்கு ரெண்டு முறை எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பீரோவில் வைப்பதோடு சரி.

எனக்கு வேண்டியது வேறொரு பிஸ்டல். விளையாட்டுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல். நல்லதாக ஒன்று வாங்க என் ரெண்டு மாசச் சம்பளம் போதாது. பழையதை விற்றால் புதியதை வாங்கலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கு. ஆனால் இதை முடிவு பண்ண எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு நண்பர்களே. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, நிதானமாகப் படியுங்கள்.

தாத்தா சிதம்பரத்தில் ரைஸ் மில் வைத்திருந்தார். கடலூர் ஓ.டி.யில் அரிசி வசூலை முடித்துக்கொண்டு ராத்திரி நேரத்தில் பணப்பையோடு ஊர் திரும்புவார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக 45 கிலோமீட்டர். 1960களில் அந்த ரோடு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்தப் பயத்துக்காக வாங்கியது இது. இன்றைக்கு வசூல் மொத்தமும் போனில் வந்துவிடுகிறது. மில்லும் இல்லை. பயம் போய்விட்டது, பயத்துக்கு வாங்கிய பொருள் மட்டும் தங்கிவிட்டது.

இந்தப் பழசுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று நானும் நினைத்தேன். விசாரித்ததும்தான் புரிந்தது. நம் நாட்டில் 9 எம்.எம். மாதிரியான ரகங்களைச் சாதாரண குடிமக்கள் வைத்திருக்க முடியாது, .32 வைத்திருக்கலாம். 1980களின் நடுவில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். அதனால் அதற்கு முன் வந்த சீமைச் சரக்குக்குத் தனி மவுசு. வியாபாரி சொன்ன தொகையைக் கேட்டு அப்பாவே ஒரு நிமிஷம் பேசவில்லை.

முடிவு எடுத்தே ஆக வேண்டிய கட்டாயமும் வந்தது. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இந்த ஆடியில் 70. தம்பி வெளிநாட்டில். அப்படியென்றால் என் பெயருக்கு மாற்றணும், இல்லை விற்கணும்.

சித்தப்பாவுக்கு ரெண்டும் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ள பேர்ல துப்பாக்கி லைசென்ஸா?" என்று ஒரு நாள். "எங்கப்பா ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதான், அத வித்துட்டு பொம்மத் துப்பாக்கி வாங்கப் போறியாம்மா?" என்று இன்னொரு நாள்.

அந்தப் பொம்மைத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. 20 ஜூலுக்குள் சக்தி இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவில் 10 மதிப்பெண் வட்டம். அதன் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒரே கையில் பிடித்துச் சுட வேண்டும், இன்னொரு கை பாக்கெட்டில். 75 நிமிஷத்தில் 60 குண்டு.

ஒரு டாக்டராக எனக்கு இதில் பிடித்தது உடலியல்தான். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கும், பிஸ்டல் முனையும் கூடவே ஏறி இறங்கும். மூச்சைப் பாதியில் நிறுத்தினால் இதயத்துடிப்பு தெரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் முனை மயிரிழை நகரும். அந்த அசைவோடு சண்டை போடாமல் விரலை மெதுவாக அழுத்தப் பழகணும். நாம் ரத்தக்கொதிப்புக்கும் படபடப்புக்கும் எழுதிக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, இந்த விளையாட்டில் ஊக்கமருந்து. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு ரெண்டு பதக்கம் வாங்கி, ப்ரோப்ரனலால் கண்டுபிடிக்கப்பட்டு ரெண்டையும் இழந்தார். தினமும் என் பேனாவிலிருந்து போகும் மாத்திரை!

24 மணி நேர டியூட்டி முடிந்த மறுநாள் சாயங்காலம், ஒரு நண்பரின் பழைய ஏர் பிஸ்டலை வைத்துக்கொண்டு பழகுவேன். இடம், சிதம்பரத்தில் எங்கள் பூர்வீக வீடு. ரேழியிலிருந்து கொல்லைச் சுவர் வரை ஒரே நீளம், பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம் எந்த அட்டெண்டரும் கூப்பிட மாட்டார், எந்த அழுகையும் காதில் விழாது. 2024 ஜூலையில் பாரீஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியபோது என்னைவிட அப்பாதான் அதிகம் சந்தோஷப்பட்டார். டோக்கியோவில் போட்டி நடுவில் அந்தப் பெண்ணின் பிஸ்டல் பழுதானதைச் சொல்லி, "நல்ல சாமான் இருக்கணும் பாப்பா" என்றார். ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்தது நம்ம கடலூரில்தான் என்பதையும் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நண்பரோ தன் மகளுக்கு வேண்டும் என்று பிஸ்டலைத் திரும்பக் கேட்டுவிட்டார்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் ஒரே வாரத்தில் முடிவெடுத்திருப்போம்.

இந்த பிப்ரவரியில் அம்மா இறந்துவிட்டார். நான் கடலூரில். அப்பா சிதம்பரத்தில் தனியாக. கூப்பிட்டால் வர மாட்டார்.

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் இல்லையா, அப்பாவும் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்களுக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. அதற்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்து வந்து பீரோவில் வைத்துவிட்டதாக அப்பா போனில் சொன்ன அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முந்தின மூணு மாசம் ஏன் நன்றாகத் தூங்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கேஷுவால்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். விவசாய மாவட்டம் இது. பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி பேஸ்ட், அரளி விதை. வாரத்தில் எத்தனை பேர்! பிழைத்து எழுந்த பிறகு பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றே: "ஏதோ அந்த நேரத்துல தோணிடுச்சு டாக்டர்." அந்த நேரம் என்பது எவ்வளவு நேரம்? அமெரிக்காவின் ஹூஸ்டனில், சாவின் விளிம்புவரை போய்வந்த இளம்வயதினரிடம் கேட்டார்கள். நான்கில் ஒருவருக்கு, முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே 5 நிமிஷம்கூட இல்லை. தற்கொலை முயற்சியில் பிழைத்தவர்களில் 10 பேருக்கு 9 பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை. ஆக, அந்த நிமிஷங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பல உயிர்களைத் தீர்மானிக்கிறது. மாத்திரையை விழுங்கி வருபவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுவோம். துப்பாக்கி எங்களுக்கு வேலையே வைக்காது.

இது வெறும் என் பயம் இல்லை. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே துக்கமும் கடனும் குடும்பச் சண்டையும் ஒழிந்துபோகவில்லை, டப்பா மட்டும்தான் கைக்கு எட்டாமல் போனது. இஸ்ரேல் ராணுவத்தில் 2006இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகணும். அவர்களிடையே தற்கொலை 40 சதவீதம் குறைந்தது.

நம்ம மாவட்டத்திலும் ஒரு முயற்சி நடந்திருக்கு, பலருக்குத் தெரியாது. காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓர் இடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்து பார்த்தார்கள். 2013இல் ஆய்வாக வெளிவந்தது. தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. எடுக்க நடந்து போகணும், அவ்வளவுதான். அந்த நடைதான் மருந்து.

தேர்தல் கமிஷன் தெரியாமலே எங்கள் வீட்டுக்குச் செய்ததும் அதுதான்.

சரி, அப்பாவிடம் கேட்கணுமே. வெளிநோயாளிகளிடம் தினமும் கேட்கிற கேள்விதான். 'கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ' என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பது நன்றாகவே ஆராயப்பட்ட விஷயம். ஆனாலும் பெற்ற அப்பாவிடம் கேட்க நாக்கு எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

"அம்மா போனதுலேர்ந்து, நாமளும் போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சாப்பா?"

அவர் கை நிற்கவில்லை. "தோணாம இருக்குமா பாப்பா? நாப்பத்தோரு வருஷம்."

"எப்படின்னு யோசிச்சீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "ஒரு நாள் விடிகாலைல பீரோகிட்ட போய் நின்னேன். பால்காரர் மணி அடிச்சாரு. போய் பால் வாங்கியாந்துட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச வெண்டைக்காயை நான் நறுக்கினேன்.

அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனோம். என் பெயரில் லைசென்ஸ் இல்லாததால் நான் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, சட்டப்படி தப்பு. அப்பாவே எடுத்து வந்தார், நான் கூடவே இருந்தேன். "இப்ப எலக்‌ஷன் எதுவும் இல்லையே சார்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "விக்கப் போறோம் தம்பி, அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார் அப்பா. போலீஸ் ஸ்டேஷன், இல்லாவிட்டால் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி, இந்த ரெண்டு இடத்திலும் பாதுகாப்புக்கு ஒப்படைக்கலாம். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்து, யாராவது மனம் உடைந்து இருந்தால், விற்பதா வேண்டாமா என்று பிறகு பேசிக்கொள்ளுங்கள். முதலில் வீட்டை விட்டு வெளியே போகட்டும்.

மறுவாரம் மனநல மருத்துவரான ஒரு சீனியரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை சாப்பிடுகிறார், தூங்குகிறார். சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். இந்தப் பதிவையும் அவர் படித்து, ரெண்டு இடத்தில் திருத்தம் சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

விற்பதற்கு அவர் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். நம்ம ஊரில், 'மனசு சரியில்ல, அதனால துப்பாக்கிய வீட்டுல வைக்கல' என்று ஒரு மனிதர் சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியுமா? அப்பா சித்தப்பாவிடம் சொன்னது இது: "எம் பொண்ணு போட்டிக்குப் போறா. நல்ல பிஸ்டல் வாங்கணும். அதுக்குத்தான் விக்கறேன்." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மகளின் விளையாட்டுக்காக அப்பா விற்கிறார் என்றால் அதில் ஒரு பெருமையும் இருக்கு பாருங்கள். அந்தப் பெருமை அப்போது அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கு ஏர் பிஸ்டல் மேல் ஆசை இல்லாமல் இருந்திருந்தால்கூட, ஆசை இருப்பதாகச் சொல்லியிருப்பேன்.

தம்பியின் பங்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "அக்காவுக்கே இருக்கட்டும், ஆனா எனக்கும் சுடக் கத்துக்குடுக்கணும்" என்கிறான் அங்கிருந்து. புது பிஸ்டல் கடலூரில் என் வீட்டில் இருக்கும். ஏர் பிஸ்டல் என்றாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும், என் பையனுக்கு ஆறு வயது. பிஸ்டல் ஒரு பெட்டியில், குண்டு வேறு அறையில், சாவி என்னிடம்.

யாரையாவது பற்றி இப்போது உங்களுக்குக் கவலை இருந்தால், கேளுங்கள். உங்களுக்கே அப்படி இருந்தால், யாரிடமாவது சொல்லுங்கள். டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104, ரெண்டும் இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம்.

விற்பதற்கு 45 நாள் முன்பே எழுத்துமூலம் தெரிவிக்கணும் என்பது சட்டம். தெரிவித்தாச்சு, நாளும் முடிந்தது. வாங்குகிறவரின் லைசென்ஸ் நகல் வந்துவிட்டதாக வியாபாரி நேற்று போன் செய்தார். கையெழுத்துப் போட திங்கட்கிழமை சென்னை போகிறோம். அப்பாவுக்குச் சிதம்பரத்திலும் எனக்குக் கடலூரிலும் ஏறுகிற மாதிரி சோழன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருக்கு. ஜன்னல் சீட் அவருக்காம், இப்போதே சொல்லிவிட்டார்.