குதிரைக்கு நல்ல தண்ணீர் எங்கே?

திண்டிவனம் – புதுச்சேரி பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கிளியனூர் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். குதிரை மேல் உட்கார்ந்து கிழக்கே மரக்காணம் பக்கம் திரும்பிப் பாருங்கள், அதே ஊர் வேறாகத் தெரியும். பக்கத்தில் ஆரோவில்லில் 'ரெட் எர்த்' குதிரையேற்றப் பள்ளி இருப்பதால், இந்த வட்டாரத்துக்குக் குதிரைகள் புதிதல்ல.

ஆறேழு பேர் சேர்ந்து, ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்குவதென்றால் முதல் கேள்வி சாப்பாடு இல்லை, தண்ணீர். ஒரு குதிரை நாளுக்கு 30 லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும். வெயில் ஏறினால் இன்னும் கேட்கும். கிளியனூர்ப் பக்கத்து ஏரிகளில் மழைக்குப் பிறகு கவலையில்லை. கிழக்கே போகப் போகத்தான் சிக்கல். கழுவெளியில் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். ஆனால் கடல் கலந்த உவர்நீர். குதிரைக்கு ஒரு வாளி தேறாது! 2021-ல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம் வேறு. பூநாரைகளை ஓரமாக நின்று பார்க்கலாம், கூடாரம் அடிக்கக் கூடாது. ஆகவே முகாம் ஏரிக்கரை ஊர்ப் பக்கம்தான், அதுவும் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு.

மரக்காணம் உப்பளத்தில் இறங்கி நடப்பதே மரியாதை. காலால் மிதித்து மிதித்துச் சமன் செய்த பாத்தி அது. ஒரு குளம்பு பட்டால் ஒருவருடைய பல நாள் உழைப்பு போச்சு. போட்டோவுக்காக வரப்பில் குதிரையை ஏற்றுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

திரும்பும் வழியில் ஏரி நெருங்கியதும் குதிரைகள் தாமாகவே நடையைக் கூட்டும். கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதற்குள் முன்னங்கால்கள் தண்ணீருக்குள் இருக்கும்.