600 எங்கிருந்து வந்தது?

ஹாம் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் புதியவர் முதலில் செய்ய விரும்புவது, அருகிலுள்ள ரிப்பீட்டரை எட்டிப் பார்ப்பதுதான். 5 வாட் வாக்கி-டாக்கி தெருவில் நின்று பேசினால் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கட்டடங்களும் மேடுகளும் மறித்துவிடும். மலை உச்சியில் நிற்கும் ரிப்பீட்டர் அந்த மெல்லிய சிக்னலை ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, அதே நொடியில் வேறோர் அதிர்வெண்ணில் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. பேச்சு ஒரு மாவட்டம் முழுக்கக் கேட்கிறது. இதற்குக் கருவியில் மூன்று எண்களைப் பதிக்க வேண்டும்: ரிப்பீட்டர் ஒலிபரப்பும் அதிர்வெண், அதிலிருந்து எவ்வளவு தள்ளி நாம் பேச வேண்டும் என்ற ஆஃப்செட், நம் குரலோடு சேர்ந்து போக வேண்டிய டோன். கையேடுகள் இவற்றை எப்படிப் பதிப்பது என்று சொல்கின்றன. ஏன் இந்த எண்கள் என்று சொல்வதில்லை. 2 மீட்டர் பேண்டில் ஆஃப்செட் அமெரிக்காவில் 600 கிலோஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 600, இந்தியாவிலும் 600. அது ஏன் 500 ஆகவோ 1000 ஆகவோ இல்லை? இந்த எண்ணின் பிறப்பிடத்தைத் தேடியதில் எனக்குக் கிடைத்த விடை, புதியவர் ரிப்பீட்டரைப் பார்க்கும் பார்வையையே மாற்றக்கூடியது என்று நம்புகிறேன். இயற்பியல் இந்த எண்ணுக்கு எல்லை வகுத்தது. எண்ணைத் தேர்ந்தெடுத்தது, குறைந்த இடத்தையும் பழைய கருவிகளையும் பங்கிட்டுக்கொண்ட மனிதர்களின் உடன்பாடு.

முதலில் எதிர்ப்படும் விடை பொறியியல் சார்ந்தது. ரிப்பீட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் வேண்டும். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ஆன்டெனாதான். பல வாட் சக்தியில் தானே அனுப்பும் அலை, மிக நுண்ணிய சிக்னலுக்காகக் காத்திருக்கும் தன் ரிசீவரையே செவிடாக்கிவிடும். இதைத் தடுப்பது டூப்ளெக்ஸர்: உயரமான உலோக உருளைகளின் தொகுப்பு. ஒவ்வோர் உருளையும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு இசைவு செய்யப்பட்ட கேவிட்டி. வேண்டியதை விட்டு வேண்டாததை மறிக்கும். 146 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 51 சென்டிமீட்டர் என்பதால் உருளைகள் அந்த உயரத்தில் அமைகின்றன. அதிர்வெண்கள் நெருங்க நெருங்க அவற்றைப் பிரிப்பது கடினமாகும், செலவும் ஏறும். ஆகவே, டூப்ளெக்ஸர் பிரிக்க முடிகிற அளவுக்கு 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். இதில் பிழை இல்லை. ஆனால் இது 600 போதும் என்று காட்டுகிறதே தவிர, 600தான் வேண்டும் என்று காட்டவில்லை.

கணக்குப் போட்டால் இந்த விளக்கத்தின் போதாமை தெரியும். 146 மெகாஹெர்ட்ஸில் 600 கிலோஹெர்ட்ஸ் என்பது அரை சதவீதம்கூட இல்லை. கப்பல்கள் பயன்படுத்தும் கடல்சார் விஎச்எஃப் வானொலி இதற்குச் சற்று மேலே, 156 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி இயங்குகிறது. அதன் இரட்டை அதிர்வெண் சேனல்களில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே 4.6 மெகாஹெர்ட்ஸ் விட்டிருக்கிறார்கள். 70 சென்டிமீட்டர் பேண்டில் அமெரிக்க ஹாம்கள் 5 மெகாஹெர்ட்ஸ் விடுகிறார்கள். அது ஒரு சதவீதத்துக்கு மேல். பொறியாளரின் விருப்பப்படி விட்டிருந்தால் 2 மீட்டரிலும் இடைவெளி பல மடங்கு பெரிதாக இருந்திருக்கும். அது முடியாமல் போனதற்குக் காரணம் பேண்டின் அகலம். அமெரிக்காவில் 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 148 வரை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 144 முதல் 146 வரை, அதாவது 2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதற்குள் மோர்ஸ், சைட்பேண்ட், செயற்கைக்கோள், நேரடிப் பேச்சு எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். இடைவெளி ஏன் சிறிதாயிற்று என்பது இங்கே விளங்குகிறது. சிறிய எண்களுள் 600ஐ எடுத்தது ஏன் என்பது இன்னும் விளங்கவில்லை.

அதற்கான தடயம் அமெரிக்க டாக்சிகளிலும் போலீஸ் வண்டிகளிலும் இருந்த பழைய ரேடியோக்களில் கிடைக்கிறது. ஹாம் ரிப்பீட்டர்கள் 1950களிலேயே தோன்றிவிட்டன. லாஸ் ஏஞ்சலஸில் ஆர்ட் ஜென்ட்ரி நிறுவியது தொடக்ககால ரிப்பீட்டர்களில் பெயர்பெற்ற ஒன்று. ஆனால் அவை பரவலானது அடுத்த பத்தாண்டில். அப்போது வணிக வானொலிச் சேனல்கள் நெருக்கமாக்கப்பட்டன. எஃப்எம் விலகல், அதாவது குரலுக்கேற்ப அதிர்வெண் விலகும் அளவு, 15 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. நல்ல நிலையில் இருந்த அகன்ற பேண்ட் கருவிகள் ஒரேயடியாக வேலையற்றுப் போய் மலிவு விலைக்கு வந்தன. ஹாம்கள் அவற்றை வாங்கி 2 மீட்டருக்கு மாற்றினார்கள். கருவியோடு அதன் இடைவெளிப் பழக்கமும் வந்து சேர்ந்தது: 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு சேனல். அன்றைய எஃப்எம் ஹாம்கள் கூடிய அதிர்வெண் 146.94. அதிலிருந்து 60, 60 ஆகக் கீழே இறங்கிப் பார்த்தால், 146க்குப் பின்வரும் இலக்கங்கள் 88, 82, 76, 70, 64, 58, 52, 46, 40, 34, 28, 22, 16 என்று வரும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பழைய ரிப்பீட்டர் ஜோடிகள் எவை? 34/94, 28/88, 22/82, 16/76. எல்லாமே இந்தப் படிக்கட்டில் நிற்பவை. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே சரியாகப் பத்துப் படிகள். பத்து அறுபது அறுநூறு. ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாக அழைக்க அமெரிக்கர்கள் இன்றும் பயன்படுத்தும் 146.52கூட அதே படிக்கட்டில் 94க்கு ஏழு படி கீழே இருக்கிறது.

இது தற்செயல் பொருத்தமாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். விதிவிலக்குகளைச் சோதித்தால் அந்த ஐயம் தீரும். அந்தக் காலத்தில் எல்லா ரிப்பீட்டரும் 600ஐப் பின்பற்றவில்லை; 34இல் வாங்கி 76இல் அனுப்பிய ரிப்பீட்டர்களும் இருந்தன. அந்த இடைவெளி 420, அதாவது ஏழு படிகள். விதியை மீறியவர்களும் படிக்கட்டை மீறவில்லை என்றால், படிக்கட்டுதான் மூத்தது. 600 அதன்மேல் பின்னால் ஏற்பட்ட உடன்பாடு. இன்னொரு மறுப்பும் வரலாம்: ஐரோப்பாவின் எஃப்எம் சேனல்கள் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வளர்ந்தவை, அங்கே 60இன் படிக்கட்டே இல்லை, பின் ஏன் அங்கும் 600? அங்கே 145.000இல் பேசினால் 145.600இல் கேட்கும். 25இன் மடங்காக 500ஐயோ 650ஐயோ எடுக்க எந்தத் தடையும் இல்லை. இருந்தும் 600 நிற்கிறது என்பதை, உடன்பாடு கடல் கடந்ததற்கான அடையாளமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். உலகச் சந்தைக்குச் செய்யப்படும் ரேடியோவில் 600க்கு ஒரு சுவிட்ச் இருந்தால், வாங்குபவரின் நாடும் அதையே ஏற்பதுதான் எளிது.

இந்த உடன்பாடு இவ்வளவு உறுதியானதற்குக் கிரிஸ்டல் ஒரு காரணம். அன்றைய கருவியில் ஒவ்வொரு சேனலுக்கும் கேட்க ஒன்று, பேச ஒன்று என அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் இரண்டு கிரிஸ்டல்களைக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். ஊருக்கு ஊர் வேறு ஜோடி என்றால் பயணம் போகிறவரின் ரேடியோ பயனற்றுப் போகும். 34/94 பல ஊர்களில் பரவியதால் அந்த ஒரு ஜோடி நெடுந்தூரம் கைகொடுத்தது. பின்பு வந்த பேண்ட் திட்டத்தில் கூட்டு முடிவின் கைவண்ணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 146.61 முதல் 146.97 வரையிலான ரிப்பீட்டர்களுக்கு 600 கழித்துப் பேச வேண்டும், 147.00 முதல் 147.39 வரை 600 கூட்டிப் பேச வேண்டும். 147இல் திசை மாறுவது புதியவரைக் குழப்பும். ஆனால் வரைந்து பார்த்தால் அதிலுள்ள நுட்பம் புரியும். ரிப்பீட்டர்கள் பேசும் அதிர்வெண்கள் எல்லாம் நடுவில் ஒரே தொகுதியாகவும், கேட்கும் அதிர்வெண்கள் இரு ஓரங்களிலும் அமைகின்றன. திசையை மாற்றாமல் விட்டிருந்தால், 146.97இல் மலையிலிருந்து உரக்கப் பேசும் ரிப்பீட்டருக்கு ஒட்டினாற்போல, 147.00இல் இன்னொரு ரிப்பீட்டர் மெல்லிய குரலுக்காகக் காது கொடுத்திருக்க வேண்டியிருக்கும். அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் கூடாது என்ற எண்ணத்தை எண்களால் எழுதியது போன்றது இந்தத் திட்டம்.

மூன்றாவது எண்ணான டோனின் கதையும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஒரே சேனலைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொண்ட காலத்தில், தன் ஆட்களின் பேச்சை மட்டும் ஸ்பீக்கருக்கு விட இந்த உத்தி வந்தது. மோட்டரோலா இதைப் பிரைவேட் லைன் என்றது. ஜெனரல் எலெக்ட்ரிக் சேனல் கார்டு என்றது. பேச்சோடு ஒரு தாழ்ந்த ஒலி இடைவிடாமல் போகும். பேச்சுக்கான வடிகட்டிகள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதால், அது காதுக்கு எட்டுவதில்லை. 100.0, 103.5, 107.2, 110.9, 114.8 என்ற எண்கள் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ மூன்றரை சதவீதம் கூடுதல். அன்று இவற்றை இனங்கண்டது அதிரும் உலோக நாக்கு. அது பிரித்தறியும் திறன் அதிர்வெண்ணின் விகிதத்தைப் பொறுத்தது என்பதால் படிகளும் விகிதத்தில் ஏறின. பிரைவேட் என்ற பெயரை நம்பி யாரும் ஏமாறக் கூடாது. டோன் எந்தப் பேச்சையும் மறைப்பதில்லை. டோன் வசதியை அணைத்து வைத்திருக்கும் எவருக்கும் எல்லாம் கேட்கும். ரிப்பீட்டரில் அதன் வேலை, தொலைவில் அதே அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் இன்னொரு ரிப்பீட்டருக்கான பேச்சும் வெற்று இரைச்சலும் கருவியை எழுப்பிவிடாமல் காப்பது.

இன்றைய ரேடியோக்கள் ஆஃப்செட்டைத் தாமே போட்டுக்கொள்கின்றன, பட்டியலைக் கணினியிலிருந்து ஏற்றிவிடலாம், பிறகு எதற்கு இந்த வரலாறு என்பது நியாயமான கேள்வி. தானியங்கி ஆஃப்செட் என்பதே ஒரு நாட்டின் உடன்பாட்டை அச்சடித்து வைத்ததுதான். அமெரிக்கச் சந்தைக்கான கருவி 145.600ஐ ரிப்பீட்டராகக் கருதாமல் நேரடிப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளும். ஐரோப்பியத் திட்டத்தில் ரிப்பீட்டர்கள் பேசுவதே அங்கிருந்துதான். கருவி தவறும்போது திருத்த, அந்த எண் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கிறது, நாம் பேசிக் கையை எடுத்ததும் ரிப்பீட்டர் கணநேரம் தொடர்ந்து அனுப்பும் வால் ஒலி வரவில்லை என்றால், டோனையும் ஆஃப்செட்டின் திசையையும் பார்க்க வேண்டும். வால் ஒலி வருகிறது, பேச்சு மட்டும் பிறருக்குக் கரகரக்கிறது என்றால் எண்கள் சரி. சிக்னல்தான் போதவில்லை, இடத்தையோ ஆன்டெனாவையோ மாற்ற வேண்டும். ரிவர்ஸ் பொத்தானை அழுத்தி எதிராளி பேசும் அதிர்வெண்ணைக் கேளுங்கள்: அவர் குரல் நேரடியாகவே கேட்டால் ரிப்பீட்டரை விட்டு நேர்ச் சேனலுக்குப் போய்விடலாம், பிறருக்கு இடம் கிடைக்கும்.

கடைசியாகச் சொன்ன இந்தப் பழக்கத்தில்தான் தேடலின் பயன் இருக்கிறது. உரிமம் பெற்றபின் முதலில் சில நாள் கேட்டுக்கொண்டிருப்பது, அழைப்புக் குறியைச் சொல்லிப் பேசத் தொடங்குவது, ஒருவர் முடித்ததும் அவசரச் செய்தி உள்ளவர் நுழைய ஒரு கணம் விடுவது, ரிப்பீட்டரின் டைமர் வெட்டும் முன் சுருக்கமாக முடிப்பது ஆகியவற்றைப் புதியவர்கள் வெறும் உபசாரமாக எண்ணிவிடுகிறார்கள். 600ஐயும் 147இல் மாறும் திசையையும் டோனின் மூன்றரை சதவீதப் படியையும் உருவாக்கிய அதே தேவைதான் இந்த மரியாதைகளையும் உருவாக்கியது: ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய இடத்தைப் பலர் பங்கிட வேண்டும். எண்களைப் பதிப்பவர் அந்த உடன்பாட்டில் பாதியை ஏற்கிறார். மீதிப் பாதி அவர் மைக்கை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் கையேடுகளே புதியவருக்கு உண்மையில் உதவும்.